டிராக்‌ஷன் கண்ட்ரோல்: இழுவையா, பிடிமானமா, வெறுஞ்சுழலா?

அன்புள்ள குழுவினருக்கு,

டிராக்‌ஷன் கண்ட்ரோலை, அதாவது சக்கரம் வீணே சுழலாமல் அடக்கும் ஏற்பாட்டை, நம் கலைச்சொல் பட்டியலில் 'இழுவைக் கட்டுப்பாடு' என்று முடித்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நம் கையில் இருப்பது பிக்கப் வண்டியின் பழுதறியும் கையேடு. அதே கையேட்டில் 'இழுவைத் திறன்' என்று இன்னொன்று வருகிறது. அது டிரெய்லரைக் கட்டி இழுக்கும் எடை. வண்டி லேசாக இடிபட்ட பிறகு டாஷ்போர்டில் இதன் எச்சரிக்கை விளக்கு எரிகிறதே என்று பக்கத்தைப் புரட்டுபவர், 'இழுவை' என்று கண்டதும் எஞ்சினைச் சந்தேகிப்பார். கோளாறோ பெரும்பாலும் சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும்.

ஒவ்வொரு சக்கரத்தின் ஹப் அருகிலும் ஒரு வேக உணரி (சென்சார்) இருக்கிறது. அதன் முன்னே பல்வளையமோ காந்தவளையமோ சுற்ற, சக்கரத்தின் வேகம் கணினிக்குப் போகிறது. எஞ்சின் சுழற்றும் சக்கரம் தரையைப் பற்றாமல் வீணே சுழன்றால் மற்றச் சக்கரங்களைவிட வேகம் காட்டும். உடனே கணினி அந்த ஒன்றுக்கு மட்டும் பிரேக் போடும். எஞ்சினின் முறுக்குவிசையையும் குறைக்கும். சுமையில்லாத பிக்கப்பில் பின்புறம் எடை குறைவு என்பதால் ஈரத்தரையில் இது எளிதில் நேரும். இதில் அடங்குவது சுழற்சிதான், இழுவையன்று. 'பிடிமானக் கட்டுப்பாடு' என்பதும் பொருந்தவில்லை. பிடிமானம் டயருக்கும் தரைக்கும் உள்ள விவகாரம். கணினியால் அதைக் கூட்ட முடியாது. ஜெர்மானியர் வைத்த பெயரும் வழுக்கலைத்தான் சொல்கிறது, இழுவையை அல்ல.

என் பரிந்துரை 'வெறுஞ்சுழல் தடுப்பு'. வெறுங்கை, வெறுங்கால் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது கடினமாக இராது. கையேட்டின் பத்தியில் வைத்துப் பார்த்தேன்:

"வெறுஞ்சுழல் தடுப்பு விளக்கும் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) விளக்கும் சேர்ந்து எரிந்தால், முதலில் இடிபட்ட பக்கத்துச் சக்கரத்தின் வேக உணரியைப் பார்க்கவும். வயர் நசுங்கியிருக்கலாம், இணைப்பி பாதி கழன்றிருக்கலாம், வளையம் விரிசல் விட்டிருக்கலாம். ஸ்கேனரை இணைத்து, வண்டியை நேராக மெல்ல ஓட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிடவும். ஒன்று மட்டும் பூஜ்ஜியத்தில் நின்றாலோ விட்டுவிட்டு வந்தாலோ பழுது அங்கேதான்."

எஞ்சின் பிழைக்குறிகளை மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் இதற்கு உதவாது என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். 'பழுதில்லை' என்று அது சொல்வதை நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம்.

*

ஐயா,

சொல் நன்றாக இருக்கிறது. இரண்டு தடைகள் சொல்கிறேன்.

மோதலில் வேக உணரிகள் நான்கும் தப்பி, முன்சக்கரக் கோணம் மட்டும் பிசகியிருந்தால் என்ன செய்வீர்கள்? வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சாய்ந்து நிற்கும். ஓட்டுநர் திருப்புகிறார் என்று கணினி எண்ணிக்கொள்ளும். அதே விளக்கு எரியும். வீல் அலைன்மென்ட் செய்து, ஸ்டீயரிங் கோண உணரிக்குப் புதிதாகப் பூஜ்ஜியம் காட்டினால்தான் பல வண்டிகளில் அது அணையும். இங்கே எந்தச் சக்கரமும் வெறுமனே சுழலவில்லையே!

அடுத்தது பொத்தான். சேற்றில் சிக்கினால் இந்த வசதியை அணைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுழலவிட்டு வெளியேறுவது உண்டு. 'தடுப்பு நிறுத்தம்' என்று பொத்தானில் எழுதினால் எது நிற்கிறது என்று பதற்றத்தில் யாருக்கு விளங்கும்?

*

நண்பருக்கு,

முதல் தடை சொல்லின் குறையன்று. ஸ்டீயரிங் கோணத்தை முதன்மையாக நம்பியிருப்பது வண்டி தடம் புரளாமல் காக்கும் ஏற்பாடு. இதற்கும் வெறுஞ்சுழல் தடுப்புக்கும் பிரேக்கும் உணரிகளும் பொதுவாக இருப்பதால் விளக்கையும் பல வண்டிகளில் ஒன்றாக்கிவிட்டார்கள். தடம் காக்கும் அந்த ஏற்பாட்டுக்கு 'நிலைப்புக் கட்டுப்பாடு' என்று தனிப் பதிவு போடுவோம். விளக்கு மினுங்கினால் வேலை செய்கிறது, நிலையாக எரிந்தால் பழுது அல்லது அணைக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு இரண்டுக்கும் பொது. இடித்த அதிர்ச்சியில் யாருடைய கையாவது பொத்தானில் பட்டிருக்கவும் கூடும். வயரைப் பிரிப்பதற்கு முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொத்தான் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. தடுப்பு வேண்டாம், 'வெறுஞ்சுழல் காப்பு' என்று மாற்றுகிறேன். 'காப்பு அணைந்துள்ளது' என்றால் குழப்பமில்லை. மறுப்பு இல்லையெனில் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.