பிஜி: வெள்ளிக்கிழமைக்குள் வீடு வேண்டும், முன்பணம் கொடுக்கலாமா?

புதுக்குடித்தனம்: வணக்கம். கணவரின் வேலைக்காகக் கைக்குழந்தையோடு போன வாரம் பிஜி வந்தோம். நிறுவனம் கொடுத்த அறையை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். பார்த்த வீடு பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் இரண்டு மாத முன்பணம் கேட்கிறார், ரசீது கிடையாதாம். ரேடியோவில் புயல் எச்சரிக்கை வேறு. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொடுத்துவிடலாமா?

சுவாவாசி: முதலில் ஈரத்தைப் பாருங்கள் அம்மா. தலைநகர் சுவாவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும். வந்த புதிதில் என் மனைவியின் கல்யாணப் பட்டில் மடிப்பு மடிப்பாகப் பூஞ்சை பூத்துவிட்டது. அலமாரியைத் திறந்து அவள் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. காற்றோட்டம் இல்லாத வீடு வேண்டவே வேண்டாம்.

கரும்புக்கொல்லை: பிஜி என்றாலே சுவாதானா? தென்கிழக்குக் காற்று, சுவா இருக்கும் பெரிய தீவான விட்டி லெவுவின் நடுமலையில் மோதி மழையைச் சுவா பக்கமே கொட்டிவிடுகிறது. மேற்குப் பக்கத்து ஊர்களான நாண்டி, லவுட்டோக்கா, பா எல்லாம் வெயில் பூமி. கரும்பு விளைவதும் அதனால்தான். இங்கே தண்ணீர்த் தொட்டி உள்ள வீடாகப் பாருங்கள். ரசீதைப் பெரிதுபடுத்தாதீர்கள், நல்ல வீடு கைநழுவிவிடும். இன்னொன்று: அக்கம்பக்கத்தில் கவுண்டர், நாயுடு, பிள்ளை என்று பெயர் கேட்டதும் தமிழில் பேசிவிடாதீர்கள். 1903 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது பிஜி இந்தி. ஆனாலும் நாண்டி முருகன் கோயிலுக்குப் போனால் உறவுக்காரர் போல உட்காரவைத்துச் சோறு போடுவார்கள்.

அலைகடல்: ரசீது இல்லாமலா? ஒருக்காலும் கொடுக்காதீர்கள்! என் முன்பணம் அப்படித்தான் போயிற்று. விலைவாசியைச் சொல்லி மாளாது; உளுந்தும் பருப்பும் கப்பலில் வந்தால்தான் உண்டு. 1987இல் மட்டும் இரண்டு ஆட்சிக்கவிழ்ப்பு, பிறகு 2000, 2006. மக்கள்தொகையில் பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் இன்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போக வழியிருந்தால் போய்விடுங்கள்.

கரும்புக்கொல்லை: பயமுறுத்தாதீர்கள் ஐயா. 2022இல் ஆட்சி மாறியது தேர்தலில்தான். 1987 கவிழ்ப்பை நடத்திய ரபுக்காவே பிரதமராகி, 2023இல் அதற்காகப் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார்.

சுவாவாசி: மன்னிப்புக் கேட்டால் போனவர்கள் திரும்பி வந்துவிடுவார்களா?

மரகதம்: அந்தப் பெண் கேட்டது வீட்டைப் பற்றி. தங்கச்சி, எந்த ஊர், எந்த இடம் என்று சொல்லம்மா.

புதுக்குடித்தனம்: சுவாவுக்குப் பக்கத்து ஊர் நவுசோரி அக்கா. ஆற்றுக்குப் பக்கம், தரைவீடு.

மரகதம்: ரேவா ஆற்றங்கரையா! நல்லவேளை, சொன்னாய். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். பெருமழை பெய்தால் ரேவா கரை மீறும். சுவரில் பழைய வெள்ளக்கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று போய்ப் பார். புது வண்ணம் அடித்திருந்தால் அண்டைவீட்டாரைக் கேள். இடுப்பளவுக்குக் கறை இருந்தால் ரசீதே தந்தாலும் அந்த வீடு வேண்டாம். மேட்டில் கால்தூக்கிக் கட்டிய வீடாகத் தேடு. எந்த வீடானாலும் பணத்தை வங்கி வழியாகக் கொடு. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கு. இந்த நாட்டு நிலத்தில் 87 சதவீதம் பூர்வகுடிக் குலங்களின் பொதுச்சொத்து, விற்கவே முடியாது. வீட்டுக்காரரே குத்தகைக்காரராக இருக்கலாம். குத்தகை எப்போது முடிகிறது என்றும் கேட்டுவிடு.

அதைவிட அவசரம் ஒன்று. எச்சரிக்கை விலகும்வரை அறையிலேயே இருக்க அனுமதி கேட்டு, உன் கணவரை நிறுவனத்துக்கு இன்றே எழுதச் சொல். 2016 வின்ஸ்டன் புயலில் 44 பேர் இறந்தார்கள். கைக்குழந்தையோடு வீடு மாற்றும் நேரமா இது? தஞ்சமடையும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். எந்தப் பள்ளி என்று இப்போதே விசாரி. குடிநீர், பால்மாவு, டார்ச் விளக்கு, மருந்து எல்லாம் இன்று மாலைக்குள் வாங்கிவிடு. காற்று வலுத்தால் கடையும் இராது, பஸ்ஸும் ஓடாது.