ஃபெயில்ஓவர்: 'தோள்மாற்றம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சரக்கு முனையங்களில் ஓடும் கிளவுட் மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறேன். முதன்மை இணைய இணைப்பு அறுந்ததும் ரூட்டர் தானாகவே இரண்டாவது இணைப்புக்கு மாறுகிறதே, ஃபெயில்ஓவர் எனப்படும் அந்தச் செயலுக்குத் தமிழ்ப் பெயர் கிடைக்காமல் நிற்கிறேன். இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு என் பதில்:

> காப்பு இணைப்பு என்றே சொல்லலாமே?

அது பொருளின் பெயர், செயலின் பெயர் அல்ல. தவிர, தரவை நகலெடுத்து வைப்பதைத்தான் ஏற்கெனவே காப்பு என்கிறோம். "காப்பு இருக்கிறதா?" என்று மேலாளர் கேட்பது இரண்டாவது ஃபைபரைப் பற்றி, பதில் சொல்பவர் நேற்றிரவு எடுத்த நகலை நினைத்துத் தலையாட்டுவார். கிளவுடில் நகல் பத்திரமாகத்தான் இருக்கும். அங்கே போகும் வழிதான் அறுந்திருக்கும்.

> மிகைமை?

ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று கூடுதலாக வைப்பதை (ரிடண்டன்சி) அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் மிகைபடக் கூறலைக் குற்றப் பட்டியலில் சேர்த்தவர்கள் நாம். செலவுக் கணக்கில் 'மிகை' என்று கண்டால் யாரும் அடித்துவிடுவார்கள். 99.9 சதவீதம் உறுதி என்ற இணைப்புகூட ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் நிற்கலாம். அது ஒரே மூச்சில் வந்தால் முனையத்தின் நுழைவு கேட்டுக்கு வெளியே லாரி வரிசை எவ்வளவு நீளும்!

> மடைமாற்றம்?

அழகான சொல். ஒரு மடையை அடைத்து இன்னொன்றைத் திறக்கிற காட்சி அப்படியே பொருந்துகிறது. ஆனால் 'நிதி மடைமாற்றம்' என்று செய்திகளில் படித்துப் படித்து அதில் திருட்டு வாடை ஏறிவிட்டது.

என் பரிந்துரை தோள்மாற்றம். சுமை தூக்குபவர் மூட்டையை இறக்காமல் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவாரே, அதுதான். வினையாகவும் வளைகிறது: 'இணைப்பு தோள்மாறியது', 'தோள்மாறும் நேரம்'. பழைய இணைப்புக்குத் திரும்புவதைத் தோள்மீட்பு எனலாம்.

குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். இணைப்பு மாறும்போது ஐபி முகவரியும் மாறினால், திறந்திருந்த அமர்வுகள் (செஷன்கள்) அறுந்துபோகும். கேட்டில் இருப்பவர் மறுபடி உள்நுழைய வேண்டிவரலாம். மூட்டை ஒரு நொடி தரையைத் தொட்டுவிடுகிறது. ஆனால் உவமையிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: இரண்டு தோளும் ஒரே உடம்பில். இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கினாலும், இரண்டும் ஒரே பள்ளத்தில் வந்தால் ஒரு மண்வெட்டும் இயந்திரம் போதும், கதை முடிந்தது. இரண்டாவது வழி கம்பியில்லாததாக இருப்பது நல்லது என்று கையேட்டில் எழுதுகிறேன்.

அப்புறம், இரண்டு தோளும் சோர்ந்தால்? பதிவுகளை அங்கேயே ஒரு கணினியில் இறக்கி வைத்து, இணைப்பு வந்ததும் மேலேற்றுகிறோம். இதற்குச் சுமைதாங்கி என்று பெயர் வைக்க ஆசை. கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், எண்ணைத் தப்பாக அடித்தால் பெரும்பாலும் இணையம் இல்லாமலே பிடித்துவிடலாம். யார்டில், அதாவது பெட்டிகளை அடுக்கும் திடலில், இடம் ஒதுக்குவதை மட்டும் இணைப்பு இல்லாதபோது செய்யக் கூடாது. இரண்டு கேட்டுகள் ஒரே இடத்தை இரண்டு பெட்டிகளுக்குக் கொடுத்துவிடும். சுமைதாங்கி என்ற பெயர், வேலையைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்து தரும் லோட் பேலன்சருடன் குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். லோட் பேலன்சரைச் சுமைப்பகிர்வி என்றால் குழப்பம் தீராதா?

இன்னொன்று: திரையில் வரும் பொத்தானுக்குத் 'தோள்மாற்று' என்று ஏவலாகவே வைத்துவிடலாமா, அல்லது அங்கேயும் 'தோள்மாற்றம்' தானா? மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த ஒரு வரி மட்டும் காலியாக நிற்கிறது.