ஆறாம் படிவம்: ஒன்றரை வருடமா, இரண்டு வருடமா?

பால்மரத்தான்:
நேற்று சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆறாம் படிவம் போகிறவன் இரண்டு வருடத்தைத் தொலைக்கிறான், மெட்ரிகுலேஷன் என்றால் ஒரே வருடம்" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார். வாயில் வைத்த சோறு இறங்கவில்லை எனக்கு. இரண்டும் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம் தேர்வு முடித்துப் பல்கலைக்கழகம் போக நம் மலேசியாவில் இருக்கிற வழிகள்தான். ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம் தேர்வுக்கு மூன்று தவணை. ஒன்றரை வருடம். 2012 முதல் அப்படித்தான்.

கிராணி வீட்டுப் பேரன்:
அந்த ஒருவர் நான்தான், அண்ணே. பெயரைச் சொல்ல ஏன் தயக்கம்? தேர்வு எழுதி, முடிவுக்குக் காத்திருந்து, பல்கலைக்கழக வாசலை மிதிக்கும்வரை எண்ணுங்கள். இரண்டு வருடம். அப்புறம், தவணை என்பது கடன் கட்டுவது. படிப்புக்குப் பருவம் என்று சொல்ல வேண்டும்.

பால்மரத்தான்:
காத்திருப்பதைக் கூட்டினால் உங்கள் மெட்ரிகுலேஷனும் ஒரு வருடத்தில் நிற்காது. ஒன்றரை. பள்ளியில் தவணை என்றுதான் சொன்னார்கள், பருவம் பயிருக்கு.

லயத்துக்காரி:
நாள்காட்டியைக் கீழே வையுங்கள் இருவரும். 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக்கினார்கள். அப்போதும் பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடிகள்) நூற்றுக்குத் தொண்ணூறு, மற்ற எல்லாருக்கும் சேர்த்துப் பத்து என்ற பங்கீடு அசையவில்லை. கிடைக்காத பிள்ளை ஆறாம் படிவம் போகாமல் எங்கே போகும்? பல்கலைக்கழகச் சேர்க்கையில் விளையாட்டு, மன்றம் போன்ற புறப்பாடத்துக்குப் பத்து விழுக்காடு என்று என் மகள் வலைப்பந்துச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கூரை ஒழுகுகிற வீடு.

கிராணி வீட்டுப் பேரன்:
2024இல் பிரதமரே சொல்லிவிட்டார், தங்கச்சி. எஸ்.பி.எம்மில் 10ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷனில் இடம்.

லயத்துக்காரி:
பத்து ஏ வாங்கப் பத்துப் பாடம் எழுத வேண்டாமா? ஒன்பது பாடம் எழுதிய பிள்ளைக்கு என்ன பதில்?

பால்மரத்தான்:
அதற்கு வாய் திறக்க மாட்டார். எஸ்.டி.பி.எம் வினாத்தாள் மலேசியத் தேர்வு மன்றத்திலிருந்து வருகிறது. மெட்ரிகுலேஷன் தேர்வை அமைச்சின் மெட்ரிகுலேஷன் பிரிவே நடத்திக்கொள்கிறது. ஆனால் இங்கே சராசரிப் புள்ளி 4.00, அங்கே 4.00, இரண்டும் ஒரே எடையாம்! அதையும் ஒன்றரை வருடத்தில் முடிக்கிறார்கள் நம் பிள்ளைகள்.

கிராணி வீட்டுப் பேரன்:
இரண்டு. கோயில் வரவுசெலவிலும் அரை வருடத்தை விழுங்கியவர்தானே நீங்கள்.

பால்மரத்தான்:
கணக்கை இங்கே இழுக்காதீர்கள். பந்தல் காசு யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். உங்கள் மகன் மெட்ரிகுலேஷன் போய் எந்தத் துறையில் சேர்ந்தான் என்றும் தெரியும்.

கிராணி வீட்டுப் பேரன்:
என் மகனைப் பேச வேண்டாம். லாரியை இரவல் வாங்கிப் போய் டயரைக் கிழித்துத் தந்தவர் நீங்கள்.

லயத்துக்காரி:
யாரிடமாவது மூவெட் ஆங்கிலத் தேர்வுக்கான பழைய பயிற்சி நூல் இருக்கிறதா?

பால்மரத்தான்:
என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். ஒன்றரை வருடம் கழித்துத் திருப்பித் தந்தால் போதும்.

கிராணி வீட்டுப் பேரன்:
வாங்காதே, தங்கச்சி. அது 2021க்கு முந்தியது. தேர்வு மாறியதே அவருக்குத் தெரியாது.