மாரியில் பறித்த பூசணி காம்படியில் அழுகுகிறது, என்ன செய்யலாம்?

உப்புவெளி வளவு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வளவு கடலுக்குக் கிட்ட, மணல் தரை. ஐப்பசிக்குக் கொஞ்சம் முந்தி, முதல் மழையோடு 4 குழியில் பூசணி விதை போட்டேன். மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் தாராளமாகப் போட்டதில் கொடி வேலி தாண்டிப் போய் நன்றாகக் காய்த்தது. தைப்பொங்கலுக்கு முதல் நாள் 11 காய் பறித்தேன். அன்று தூறல். குசினி மூலையில், சீமெந்துத் தரையில் இரண்டு அடுக்காக வைத்தேன்.

3 கிழமைக்குள் 7 காய் போய்விட்டது. தோலைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. காம்படியில் விரலை வைத்தால் மட்டும் உள்ளே போகிறது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது, புளித்த கள்ளு மணம். மூதூரில் அம்மா இதே விதையைப் போட்டு, காயைப் பரணில் வைத்து ஆடி வரை சமைத்தவர். என்னுடையது மாசி வரைக்கும் நிற்கவில்லை. மிச்சம் இருக்கிற 4 காயையாவது காப்பாற்ற வேண்டும்.

சாம்பல்தீவு அக்கா:
தங்கச்சி, பறிக்கும்போது காம்பு என்ன நிறத்தில் இருந்தது? பச்சையாக, சாறோடு இருந்திருந்தால் அழுகல் அங்கேதான் தொடங்கியிருக்கும். முற்றின காயின் காம்பு மங்கி, தக்கை மாதிரி காய்ந்து, நெடுக்காகச் சின்னச் சின்ன வெடிப்பு ஓடியிருக்கும். தோலில் பெருவிரல் நகத்தை ஊன்றிப் பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் முற்றவில்லை, அதைக் கறிக்கு எடுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால்தான் அது வைக்கிற காய். நான் பெண் பூ விரிந்த நாளை ஒரு துண்டுத் தகரத்தில் கீறிக் கொடியில் கட்டிவிடுவேன். 40, 45 நாளுக்கு முன்னம் கத்தி எடுப்பதில்லை.

காம்பைத் திருகிப் பிடுங்கக் கூடாது. கூரான கத்தியால், காயில் நாலு விரல் நீளமாவது காம்பு நிற்கிற மாதிரி வெட்டுங்கள். அப்புறம் அந்தக் காம்பைப் பிடித்துத் தூக்கவே வேண்டாம். குழந்தையைத் தூக்குகிற மாதிரி அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். காம்பு கொஞ்சம் அசைந்தாலே அடியில் மயிரிழை அளவு கீறல் விழும், கண்ணுக்குத் தெரியாது. ஈரம் அதற்குள் இறங்கினால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மழையில் பறித்ததும் அதனால்தான் கெடுதல். வானம் வெளித்து இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு, காலைப் பனி காய்ந்த பின் பறியுங்கள்.

பறித்ததும் நேரே குசினிக்குள் கொண்டு போகாதீர்கள். 10 நாள் திண்ணையில், காற்றோட்டமான நிழலில், ஒன்றோடு ஒன்று முட்டாமல் பரப்பி வையுங்கள். குளிர் நாடுகளில் இதற்காக அறையைச் சூடாக்கி 27 பாகை அளவில் வைப்பார்கள். நமக்குத் திண்ணை நிழலே அந்தச் சூடுதான். அந்த நாட்களில் தோல் இறுகும், சின்னக் கீறல் காய்ந்து மூடும். நேர் வெயிலில் மட்டும் போட வேண்டாம், தோல் வெந்துவிடும்.

சீமெந்துத் தரை ஈரம் விடும். பலகை போட்டு, மேலே காய்ந்த வைக்கோல் பரப்பி, ஒரே அடுக்காக வையுங்கள். உங்கள் அம்மாவின் பரணில் கீழே காற்று ஓடியிருக்கும், அடுப்புப் புகையும் ஈரத்தை அண்டவிட்டிருக்காது. வாழைப்பழக் குலையைப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள்.

இன்னொன்று, வைக்கிற காய்க்கு மாரி விதைப்பு சரிவராது. தை கடைசியில் மழை விடுகிறபோது போடுங்கள். மணல் என்பதால் கிணற்றுத் தண்ணீர் அடிக்கடி விட வேண்டி வரும், அந்தப் பாடு இருக்கிறது. ஆனால் வைகாசியில், வறண்ட கச்சான் காற்று வீசுகிற காலத்தில், காம்பு கொடியிலேயே காய்ந்து நிற்கும்.

தம்பலகாமம் வயல்:
அக்கா சொன்னது சரி. அழுகின காயில் ஒன்றை வெட்டிப் பாருங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ, காய் பிஞ்சாக இருக்கும்போதே குத்தி முட்டை இட்டுவிடும். குத்தின இடத்தில் பிசின் துளி காய்ந்திருக்கும். அழுகினதை எருக்குழியில் போட வேண்டாம், புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி ஈயாக வெளிவரும். கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். அடுத்த முறை பிஞ்சு பிடித்ததும் கடதாசிப் பை கட்டிவிடுங்கள்.

நிலாவெளி:
பூசணி நெடுநாள் நிற்க 10 முதல் 15 பாகை வரை குளிர்ச்சி வேண்டும் என்பார்கள். நம் வீடுகளில் அது கிடையாது. எல்லாம் சரியாகச் செய்தாலும் இரண்டு, மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வளவு:
அக்கா, காம்பு பச்சைதான். நான் அதைப் பிடித்துத்தான் காய்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மூன்றை வெட்டிப் பார்த்தேன், புழு இல்லை. மிச்சம் 4 காயில் இரண்டில் நகம் பதிகிறது. ஒன்றை இன்றைக்கே தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன், மற்றதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். முற்றின இரண்டும் திண்ணையில் பலகை மேல் இருக்கின்றன. அம்மா தந்த விதையில் ஒரு கைப்பிடி இன்னும் இருக்கிறது. மழை விட்டிருக்கிறது, நாளைக்குக் குழி வெட்டுகிறேன்.