மறுமொழி: ஷாப்பரோன் – மடிப்பிப் புரதமா, செவிலிப் புரதமா?

வணக்கம். மற்றப் புரதங்கள் தப்பாக ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஷாப்பரோன் (chaperone) புரதத்துக்குத் தமிழ்ப் பாடத்தில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், நீங்கள் எழுதியது இது:

> முதலாண்டு செல் உயிர்வேதியியலுக்கு 'மடிப்பிப் புரதம்' போதும். புரதத்தை மடிப்பது மடிப்பி. மாணவருக்குச் சட்டென்று பிடிபடும்.

பிடிபடும், ஆனால் தப்பாகப் பிடிபடும். ஷாப்பரோன் எதையும் மடிப்பதில்லை. எப்படி மடிய வேண்டும் என்பது அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது. 1972இல் வேதியியல் நோபல் பெற்ற அன்ஃபின்சன் காட்டியது அதைத்தானே? 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியாவும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்துக் குலைத்தார். இரண்டையும் நீக்கியதும், வேறு புரதம் எதன் துணையும் இல்லாமல், அது பழைய உருவுக்குத் திரும்பி வேலை செய்தது.

செல்லுக்குள் நெருக்கடி அதிகம். புரதம் தயாராகும் இடமான ரைபோசோமிலிருந்து பாதி வெளிவந்த அமினோ அமிலச் சங்கிலியில், உள்ளே மறைய வேண்டிய நீர்வெறுப்புப் பகுதிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டினால் திரள்தான். எச்எஸ்பி70 என்ற ஷாப்பரோன் அந்தப் பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வந்து சேர்ந்ததும் விட்டுவிடும். பற்றுவதும் விடுவதும்தான் அதன் வேலை, மடிவது சங்கிலியின் பாடு.

இன்னொன்று. 1978இல் லாஸ்கி என்ற ஆய்வாளர் ஷாப்பரோன் என்ற இந்தப் பெயரைச் சூட்டியது நியூக்ளியோபிளாஸ்மினுக்கு. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களும் டிஎன்ஏவும் கண்டபடி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் புரதம் அது. அதில் மடிப்பு எங்கே வந்தது?

ஆகவே 'செவிலிப் புரதம்' என்கிறேன். அகப்பாட்டுச் செவிலி தலைவியை வளர்த்த தாய், பெற்றவள் அல்லள். கூடாத சேர்க்கை நேராமல் காப்பவள். மணமானபின் மகளின் மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள், அங்கே தங்கமாட்டாள். ஷாப்பரோனும் முடிந்த புரதத்தில் உறுப்பாகத் தங்குவதில்லை. (தலைவி செவிலிக்குத் தெரியாமல் தலைவனோடு உடன்போகிறாளே என்று கேட்காதீர்கள். ஷாப்பரோனும் சில நேரம் கோட்டைவிடும்.)

---

ஐயா, மடிப்பி வேண்டாம் என்பது சரி. ஆனால் இன்றைய பிள்ளைகளுக்குச் செவிலி என்றால் ஆஸ்பத்திரி நர்ஸ். 'வழித்துணைப் புரதம்' என்றால் என்ன?

---

அம்மா, வழித்துணை அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் சவ்வு வழியே கடத்தும் புரதங்களும் இதே பாடத்தில் வருகின்றன. மாணவர்கள் வழித்துணையை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். 'புரதம்' என்ற ஒட்டு இருக்கும்வரை நர்ஸ் குழப்பம் வராது. கிளைச்சொல்லுக்கும் செவிலி இடம் தருகிறது: ஏழேழு உறுப்புகளாலான இரு வளையங்களை அடுக்கி, உள்ளே சங்கிலியைத் தனியே அடைத்து வைக்கும் குரோஇஎல் வகையைக் 'கூண்டுச் செவிலி' எனலாம். வெப்பம் போன்ற நெருக்கடியில் செல் கூடுதலாக உண்டாக்கும் புரதங்களைக் குறிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்ற சொல்லை மட்டும் இதோடு கலக்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் புரதத்தை வெட்டும் நொதிகளும் உண்டு.