பெரிய கடைப் பலகைகள் ஆய்வு: பழைய செங்கல் சுவரில் பிடிமானம் பற்றி உதவி தேவை

வணக்கம். சென்னையில் எங்கள் தெருக் கடைகளின் பெரிய பெயர்ப்பலகைகளை அளக்க உள்ளாட்சி அலுவலர்கள் வரவிருக்கிறார்கள். அதற்கு முன் நீளம், உயரம், சுவரிலிருந்து துருத்தும் அளவு, நடைபாதையிலிருந்து அடிவிளிம்பு எவ்வளவு உயரம் என்று குறித்துவருகிறோம். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 விகிதத்தில் இருக்கிறதா என்பதும் பார்த்தாயிற்று. சிக்கல் பிடிமானத்தில்தான்.

20 அடிக்கு 8 அடிப் பலகை சுமார் 15 சதுர மீட்டர். கட்டடங்களின் மீதான சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் அழுத்தம். பலகை முழுவதற்கும் ஏறக்குறைய இரண்டே கால் டன் எடைக்குச் சமமான விசை! மாடிக் கைப்பிடிச் சுவரில் அடித்த நாலு எக்ஸ்பான்ஷன் போல்ட் இதைத் தாங்காது. போல்ட் விரியும்போதே பழைய செங்கல் பிளந்துவிடும். பலகையின் முகப்பில் போடும் ஏ.சி.பி. (அலுமினியக் கலவைத் தகடு) ஷீட்டுக்குப் பின்னால் வெல்டிங் துருப்பிடிப்பதும் வெளியே தெரியாது. 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் இறந்தார்கள்.

சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பி ஒட்டவைக்கும் கம்பி) போட்டு இழுத்துச் சோதித்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு ஆழம் துளைத்தீர்கள், பசை வழிந்தோடாமலிருக்கச் சல்லடைக் குழாய் வைத்தீர்களா, எத்தனை கிலோவில் கழன்றது? சுவரை நம்பாமல் கான்கிரீட் பீமிலிருந்து பலகைக்கான சட்டகம் இறக்கியிருந்தால் இணைப்பின் படத்தையும் போடுங்கள்.