குறுக்கீட்டை வழிப்படுத்துவதா, ஆற்றுப்படுத்துவதா?

வணக்கம் நண்பர்களே,

கர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) பாடத்தின் ஐந்தாம் அத்தியாயத்தை இன்றிரவு அனுப்பியாக வேண்டும். ‘இன்டரப்ட் ரவுட்டிங்’ என்ற தலைப்பு மட்டும் இன்னும் தமிழாகாமல் அப்படியே நிற்கிறது. சாதனம் செயலியைக் கூப்பிடுவது இன்டரப்ட், அந்தக் கூப்பாட்டை எந்தச் செயலிக்கு அனுப்புவது என்பது ரவுட்டிங். இதற்கு ‘குறுக்கீட்டு ஆற்றுப்படுத்தல்’ என்று நான் சொல்லியிருந்தேன். நேற்றிலிருந்து வந்த பதில்களுக்கு ஒரே மடலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> இன்டரப்டுக்கு ‘இடையூறு’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ‘முடிவும் இடையூறும்’ என்று குறள் (676) சொல்லும்போதே அது வேலைக்குக் கேடாக வருவது. விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் அது செயலியைக் கூப்பிடுகிறது. செயலி விட்ட இடத்தைக் குறித்து வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து, திரும்பி வந்து அதே இடத்தில் தொடர்கிறது. இதில் ஊறு எங்கே? இடையூறு என்று படித்த ஒரு மாணவர், ‘நல்ல இயங்குதளத்தில் இவை நிகழவே கூடாது’ என்று விடைத்தாளில் எழுதியிருந்தார். அவர் மேல் குற்றம் இல்லை, சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. ‘இடைமறிப்பு’ம் வேண்டாம், அது இருவருக்கு நடுவே மூன்றாமவர் புகுந்து பிடிப்பது.

ஆகவே குறுக்கீடு. ஒளியியலில் ‘குறுக்கீட்டு விளைவு’ இருக்கிறதே என்று ஒருவர் தடை சொன்னார், நியாயம்தான், ஆனால் சாதன இயக்கி எழுதுகிறவர் ஒளியலையோடு குழம்பும் இடம் எதுவும் இல்லை. இலக்கணமும் சுத்தம். கெடு கேடு ஆவது போல, சுடு சூடு ஆவது போல, குறுக்கிடு குறுக்கீடு ஆகிறது, முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

> ரவுட்டிங்குக்குத் ‘திசைவித்தல்’ ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதற்கு?

அது வலைப்பின்னலுக்கு உரியது. அங்கே பொதி ஒவ்வொரு திசைவியிலும் நின்று, அடுத்து எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போகிறது. இங்கே அப்படி இல்லை. பழைய கணினியில் குறுக்கீடுகளை வாங்கிச் செயலிக்குத் தெரிவிக்கும் 8259 சில்லு இரண்டு, ஒவ்வொன்றிலும் 8 கம்பி, ஒன்றை மற்றதோடு இணைக்கவே ஒரு கம்பி போய்விடும், மிச்சம் 15. செயலி ஒன்றுதான், யாரிடம் அனுப்புவது என்ற கேள்வியே எழவில்லை. செயலிகள் பல ஆனபோது, குறுக்கீடுகளைச் செயலிகளுக்குப் பிரித்து அனுப்பும் ஐஓ-ஏபிக் வந்தது. அதிலுள்ள அட்டவணையில் ஒவ்வொரு கம்பிக்கும் எந்தச் செயலி, எந்த எண் என்று கர்னல் முன்கூட்டியே எழுதி வைக்கிறது. எம்எஸ்ஐ (செய்திவழிக் குறுக்கீடு) முறையில் தனிக் கம்பியே இல்லை, சாதனம் ஒரு நினைவக முகவரியில் எழுதுகிறது. எக்ஸ்86இல் (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகள்) பொதுவாக முகவரியில் செயலியும், எழுதும் மதிப்பில் எண்ணும் அடங்கிவிடும். ஆக, குறுக்கீடு புறப்படும் முன்பே வழி சொல்லப்பட்டுவிடுகிறது.

இதனால்தான் ‘ஆற்றுப்படுத்தல்’ என்றேன். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று வருகிறவன், பெறாதவனுக்கு, இன்ன வழியே போ, இன்னாரைப் பார் என்று முன்னதாகவே சொல்லி அனுப்புகிறான். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. போக வேண்டிய வழி, பார்க்க வேண்டிய ஆள் இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருப்பது வேறு எதிலும் கிடைக்கவில்லை.

> இன்று ஆற்றுப்படுத்தல் என்றால் கவுன்சிலிங். மாணவர் சிரிப்பார்கள்.

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சொல்லின் பழம்பொருளை ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் விளக்க வேண்டியிருந்தால் அது கலைச்சொல்லாக நிற்காது. ஆனாலும் பழைய சொல்லை ஒரு துறை எடுத்துக்கொண்டது என்பதற்காக மற்ற துறைகள் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால், கடைசியில் ஒட்டுச்சொற்கள்தான் நமக்கு மிஞ்சும் என்ற கவலை எனக்கு உண்டு.

‘வழிப்படுத்தல்’ சொன்ன அக்கா, புறநானூறு 192இல் ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்ற இடத்தை எடுத்துக்காட்டியது என்னை அசைத்துவிட்டது. அதுவும் பழஞ்சொல், எளிமையாகவும் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள், ‘ப்’ விட்டுப்போனால் அது வழிபாட்டின் பக்கம் போய்விடும். மெய்ப்புத் திருத்துகிறவர் தயவுசெய்து பார்க்கவும்.

சரி, ஏழு பேரில் ஐந்து பேர் வழிப்படுத்தல் என்கிறார்கள். அத்தியாயத்தில் ‘குறுக்கீட்டு வழிப்படுத்தல்’ என்றே போடுகிறேன். என் மாற்றுக் கருத்து இந்த மடலோடு பதிவில் இருக்கட்டும்.

அப்புறம், ‘வெக்டர்’, மேலே ‘எந்தச் செயலி, எந்த எண்’ என்றேனே, அந்த எண். இதற்குத் திசையன் என்று போடவே கூடாது. எக்ஸ்86இல் அது 0 முதல் 255 வரை ஒரு வெறும் எண், செயலி பார்க்கும் வேறோர் அட்டவணையில் எத்தனையாவது வரிசை என்று காட்டுவது, முதல் 32 செயலியின் சொந்தப் பிழைநிலைகளுக்கு ஒதுக்கியது. திசையும் இல்லை, அளவும் இல்லை. நான் ‘குறுக்கீட்டு எண்’ என்று எழுதியிருந்தேன், ஆனால் கம்பியின் எண்ணையும் அப்படித்தான் சொல்வோம், இரண்டும் வேறு வேறு என்பதுதான் அந்த அத்தியாயத்தின் பாதிப் பாடமே. ‘வாயில் எண்’ எப்படி? ஒன்பது மணிக்குள் யாராவது சொல்லுங்கள், இல்லையென்றால் இந்த முறை ‘வெக்டர்’ என்றே விட்டுவிடுகிறேன்.